வெளியே புதுசு, உள்ளே வெடிப்பு: ரேடியேற்றர் ஹோஸைப் பார்க்கும் முறை

களுவாஞ்சிகுடியில் இருந்து தம்பி ஒருவர் கேட்டிருந்தார். அவரிடம் பழைய டவுன்ஏஸ் டீசல் வான் இருக்கிறது. போன மாதம் குடும்பத்தோடு கண்டிக்குப் போகும்போது, மகியங்கனை தாண்டி 18 வளைவு ஏற்றத்தில், இயந்திரத்துக்கும் ரேடியேற்றருக்கும் இடையே தண்ணி போகும் மேல் ஹோஸ் வெடித்துத் தண்ணி முழுவதும் போய்விட்டது. "அண்ணன், அந்த ஹோஸ் வெளியே பார்த்தால் புதுசு மாதிரியே இருந்தது. ஒரு கீறல் கூட இல்லை. எப்படி வெடித்தது? மற்ற ஹோஸ்களையும் மாற்ற வேண்டுமா? வீட்டிலேயே பார்த்துக்கொள்ள வழி இருக்கிறதா?" என்பது அவருடைய கேள்வி.

தம்பி, வெடித்த அந்தப் பழைய ஹோஸை இன்னும் எறியவில்லை என்றால் முதலில் அதை எடுங்கள். பிளேட் கத்தியால் நீளவாக்கில் பிளந்து, உட்பக்கத்தை வெயிலில் பிடித்துப் பாருங்கள். முனையில் இருந்து இரண்டு அங்குலத்துக்குள், நீளப்போக்கில் மெல்லிய கோடுகள் ஓடியிருக்கும். பார்த்தால் பென்சிலால் கீறியது போல இருக்கும். இரண்டு பெருவிரலாலும் இறப்பரைப் பின்பக்கம் வளைத்தால் அந்தக் கோடுகள் வாய் திறக்கும். உள்ளே நூல் தெரியும். நூல் ஈரத்தில் கறுத்து, இழுத்தால் பஞ்சு போலப் பிய்ந்து வரும். புண் உள்ளே தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்திருக்கிறது. அது வெளித்தோலுக்கு வந்து சேர்ந்த அன்றுதான் நீங்கள் 18 வளைவில் நின்றீர்கள்.

இது ஏன் என்று விளங்கிக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும். ஹோஸுக்கு மூன்று அடுக்கு. உள்ளே இறப்பர், நடுவில் நூல் பின்னல், வெளியே இன்னொரு இறப்பர். அழுத்தத்தைத் தாங்குவது அந்த நூல்தான். இப்போது வரும் ஹோஸ்கள் பெரும்பாலும் ஈ.பி.டி.எம். என்ற செயற்கை இறப்பரில் செய்தவை. அது சூட்டைத் தாங்கும், வெயிலைத் தாங்கும். ஆனால் ஹோஸின் ஒரு முனை இயந்திரத்தின் உலோகத்தில் மாட்டியிருக்கிறது, மறுமுனை ரேடியேற்றரில் மாட்டியிருக்கிறது, நடுவே உப்பும் கனிமமும் கரைந்த சுடுதண்ணி ஓடுகிறது. பற்றரிக்குள் நடப்பதுதான் இங்கேயும் சிறிய அளவில் நடக்கிறது. மெல்லிய மின்னோட்டம் ஓடி, முனைகளுக்குக் கிட்ட உட்தோலை மயிரிழை மயிரிழையாக வெடிக்க வைக்கிறது. அந்த வெடிப்பால் சுடுதண்ணி நூலுக்குப் போய்ச் சேர்ந்து அதை நைய வைக்கிறது. வெளித்தோலோ கறுப்பாகப் பளபளவென்று அப்படியே இருக்கும்.

ரேடியேற்றர் மூடியில் 0.9 அல்லது 1.1 என்று ஓர் எண் அடித்திருப்பதைக் கண்டிருப்பீர்கள். அந்த அளவு அழுத்தம் வரும்வரை மூடி தண்ணியை அடைத்து வைத்திருக்கிறது. அதனால்தான் 100 பாகையில் கொதிக்க வேண்டிய தண்ணி 120 பாகைக்குக் கிட்டவரை கொதிக்காமல் தாங்குகிறது. மட்டக்களப்புக்கும் கல்முனைக்கும் இடையே சமதரையில் ஓடும்போது ஹோஸுக்கு முழுச் சோதனை வராது. ஆள் நிறைய ஏற்றி, ஏசியும் போட்டு, இரண்டாவது கியரில் மலை ஏறும்போதுதான் சூடும் அழுத்தமும் சேர்ந்து உச்சத்துக்கு வரும். மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில் நன்றாக ஓடிய வான் கண்டிப் பாதையில் நிற்பதற்குக் காரணம் இதுதான்.

ஆகவே ஹோஸைக் கண்ணால் பார்த்தால் காணாது, விரலால் பார்க்க வேண்டும். மாதம் ஒருமுறை, காலையில் ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன்பு பத்து நிமிடம் ஒதுக்குங்கள். இயந்திரம் முழுதாகக் குளிர்ந்திருக்க வேண்டும். சூட்டில் எல்லா ஹோஸும் ஒரே மாதிரி மெத்தென்றுதான் இருக்கும், எதுவும் பிடிபடாது.

பெருவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் இடையே, முதலில் ஹோஸின் நடுப்பகுதியை அமத்திப் பாருங்கள். பிறகு கிளிப்புக்குப் பக்கத்தில், முனையில் இருந்து இரண்டு அங்குலத்துக்குள் அமத்துங்கள். நடுவில் விறைப்பாக இருந்து முனையில் மட்டும் தொளதொளவென்று இருந்தால், அல்லது விரலுக்குள் உள்ளே ஒரு பள்ளம் நீளமாக ஓடுவது போலத் தட்டுப்பட்டால், அந்த ஹோஸ் உள்ளே வெடித்துவிட்டது. இன்னும் ஒழுகவில்லையே என்று விட வேண்டாம். அமத்தும்போது காய்ந்த சருகு நொறுங்குவது போல ஒரு மெல்லிய சத்தம் கேட்டாலும் அப்படித்தான். நல்ல ஹோஸ் அமத்தினால் அமிழும், விட்டால் உடனே பழைய உருவத்துக்கு வந்துவிடும். மரக்கட்டை போல இறுகிப் போனதும் கூடாது, நனைந்த பஞ்சு போல ஆனதும் கூடாது. முதல் இரண்டு மூன்று தடவை வித்தியாசம் தெரியாமல் இருக்கலாம். நீங்கள் இப்போது புதிதாகப் போட்ட மேல் ஹோஸையும் பழைய கீழ் ஹோஸையும் மாறி மாறி அமத்திப் பழகுங்கள், கை தானாகச் சொல்லும்.

கண்ணுக்கும் கொஞ்சம் வேலை இருக்கிறது. கிளிப் ஓரத்தில் வெள்ளையாகவோ பச்சையாகவோ உப்புப் பூத்தது போலப் படிந்திருந்தால் அங்கே மெதுவாகக் கசிகிறது, சூட்டில் உடனே காய்ந்துவிடுவதால் ஈரம் தெரிவதில்லை. ஒரு இடம் மட்டும் பலூன் போல வீங்கியிருந்தால் அங்கே நூல் அறுந்துவிட்டது. அந்த வானை அப்படியே நிறுத்திவிட்டு ஹோஸ் வாங்கப் போங்கள். ஃபேன் பெல்ட், விசிறி மூடி, பற்றரித் தட்டு எதிலாவது உரசித் தேய்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். என்ஜின் ஒயில் கசிந்து ஹோஸ் மேலே வழிந்திருந்தால் கவனம். ஈ.பி.டி.எம். இறப்பருக்கு எண்ணெய் ஆகாது. ஒயில் பட்ட இடம் ஊதி, மெதுவாகி, ஒட்டும். அப்படியானால் ஒயில் கசிவை அடைக்காமல் புது ஹோஸ் போடுவது காசைக் கடலில் போடுவது போலத்தான். வாவிக்கு மேற்கே படுவான்கரையில் இருந்து வரும் உழவு மெசின்களில் நான் அதிகம் காண்பது இதுதான். டீசலும் ஒயிலும் மண்ணும் சேர்ந்து ஹோஸில் ஒரு பத்தாகப் படிந்திருக்கும். அதைச் சவர்க்காரத் தண்ணியால் கழுவித் துடைக்காமல் ஹோஸின் நிலைமையைச் சொல்லவே முடியாது.

உழவு மெசின்காரருக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். கச்சான் வீசுகிற சிறுபோக அறுவடைக் காலத்தில் மெசின் கொதித்தால் உடனே ஹோஸையும் மூடியையும் பழி சொல்கிறார்கள். முதலில் ரேடியேற்றரின் முன்பக்கத் தகடுகளைப் பாருங்கள். பதரும் வைக்கோல் தூசும் போர்வை மாதிரி மூடியிருக்கும். காற்றுப் போக வழி இல்லாமல் எந்தத் தண்ணி குளிரும்? விசிறிப் பக்கத்தில் இருந்து முன்பக்கமாகத் தண்ணி அடித்துக் கழுவினால் பாதிப் பிரச்சினை போய்விடும்.

இனி உங்கள் வானுக்கு வருகிறேன். டவுன்ஏஸ், டொல்பின் போன்ற வான்களில் இயந்திரம் முன் ஆசனத்துக்குக் கீழே இருக்கிறது. ஆசனத்தைத் தூக்கினால்தான் தெரியும். அதனால் எல்லோரும் கண்ணில் படுகிற மேல் ஹோஸை மட்டும் பார்த்துவிட்டு ஆசனத்தை மூடிவிடுகிறார்கள். ஆனால் அங்கே வேறு ஹோஸ்களும் உண்டு. தேர்மோஸ்டாட், அதாவது இயந்திரம் சூடாகும்வரை தண்ணியை ரேடியேற்றருக்கு விடாத வால்வு, மூடியிருக்கும்போது தண்ணி சுற்றி வருவதற்கு ஒரு சின்ன பைபாஸ் ஹோஸ் இருக்கும், விரல் நீளம்தான். இயந்திரத்துக்குப் பின்னால் ஹீட்டருக்குப் போகும் இரண்டு மெல்லிய ஹோஸ்கள் இருக்கும். ஜப்பானில் இருந்து வந்த பல வான்களில் பின் ஆசனத்துக்கும் ஒரு ஹீட்டர் உண்டு, அதற்கான குழாய்கள் அடித்தட்டின் கீழால் போகும். எங்கள் ஊர் வெக்கையில் ஹீட்டர் போடுகிறவர் யார்? அதனால் அந்த ஹோஸ்கள் இருப்பதையே மறந்துவிடுகிறோம். ஆனால் மேல் ஹோஸில் இருக்கிற அதே தண்ணி, அதே அழுத்தம் அங்கேயும் இருக்கிறது.

எனக்கு அது நடந்திருக்கிறது. பதினைந்து வருடத்துக்கு முன், செங்கலடியில் இருந்து மகாஓயாப் பக்கம் போகிற பாதையில், வீடு வாசல் இல்லாத காட்டுப் பகுதியில். அப்பாவைக் கண்டி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஹீட்டர் ஹோஸ் ஒன்று பின்னால் வெடித்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. ஹீட் மீற்றர் முள் பாதிக்கு மேலே ஏறியது, பிறகு தானாகக் கீழே இறங்கியது. சரி, சூடு குறைந்துவிட்டது என்று நினைத்து இன்னும் மூன்று கிலோமீற்றர் ஓட்டினேன். உண்மையில் தண்ணி முழுவதும் போய், சூட்டை அளக்கிற சென்சர் வெறும் காற்றில் நின்றிருக்கிறது. தண்ணியில் முங்கி இருந்தால்தான் அது சரியான சூட்டைக் காட்டும். ஆசனத்துக்குக் கீழே இருந்து இனிப்பு வாசனையும் எரிந்த வாசனையும் சேர்ந்து வந்தபோதுதான் நிறுத்தினேன். இயந்திரத்தின் மேற்பகுதியான ஹெட் சூட்டில் வளைந்துவிட்டது. அப்பாவை வேறொரு லொறியில் ஏற்றி அனுப்பிவிட்டு வீதியோரம் நின்ற அந்த இரண்டு மணித்தியாலம் இன்றைக்கும் மனதில் இருக்கிறது. ஆகவே சொல்கிறேன், ஏறின முள் காரணம் இல்லாமல் இறங்கினால் உடனே நிறுத்துங்கள்.

கீழ் ஹோஸ் வேறு மாதிரியான ஆள். அது வோட்டர் பம்ப் உறிஞ்சுகிற பக்கம். அதன் இறப்பர் மெத்தென்று ஆகிவிட்டால் வெடிக்காமல் உள்ளே சப்பிப் போகும். மெதுவாக ஓடும்போது சூடு ஏறாது, வேகம் எடுத்தால் ஏறும் என்று யாராவது சொன்னால் நான் முதலில் அதைத்தான் பார்ப்பேன். ஒருவரை ஆக்சிலேட்டரை மிதிக்கச் சொல்லிவிட்டுக் கொஞ்சம் தள்ளி நின்று பாருங்கள், ஹோஸ் தட்டையாவது கண்ணுக்குத் தெரியும். சில ஹோஸ்களில் இதைத் தடுக்க உள்ளே ஒரு கம்பிச் சுருள் இருக்கும். பழைய ஹோஸில் அது இருந்து புது ஹோஸில் இல்லாவிட்டால், அந்தச் சுருள் கறள் பிடிக்காமல் இருந்தால் எடுத்து மாற்றிப் போடுங்கள். விசிறி சுற்றும்போது சாரனோடும் தொங்குகிற சேர்ட்டோடும் குனிய வேண்டாம்.

காலையில் பார்க்கும்போது மேல் ஹோஸ் சப்பிப்போய்க் கிடந்தால் அது மூடியின் குற்றம். குளிரும்போது தண்ணி சுருங்கும். அப்போது மூடியில் உள்ள சின்ன வால்வு திறந்து, பக்கத்துப் போத்தலில் இருந்து தண்ணியை உள்ளே இழுக்க விட வேண்டும். அது ஒட்டிப்போனால் ஹோஸ் சப்பும். மறுபக்கம், குளிர்ந்த இயந்திரத்தை ஸ்டார்ட் பண்ணி ஒரு நிமிடத்திலேயே, தண்ணி சூடாகும் முன்பே, மேல் ஹோஸ் கல்லுப் போல இறுகினால் ஹெட்டுக்குக் கீழே உள்ள அடைப்பான ஹெட் கஸ்கெட் கெட்டு, எரிந்த காஸ் தண்ணிக்குள் வருகிறது. அப்படியான வானுக்கு எத்தனை ஹோஸ் மாற்றினாலும் வெடித்துக்கொண்டேதான் இருக்கும். நீங்கள் தண்ணி இல்லாமல் கொஞ்ச தூரம் ஓட்டியிருந்தால் இதைக் கட்டாயம் பாருங்கள்.

எல்லாவற்றையும் மாற்ற வேண்டுமா என்றால், என் பதில் ஓம். மேல் ஹோஸ், கீழ் ஹோஸ், பைபாஸ் மூன்றும் ஒரே நாளில் மாற வேண்டும்; நீங்கள் மேல் ஹோஸைப் போட்டுவிட்டதால் மற்ற இரண்டையும் இப்போது மாற்றுங்கள். மூன்றும் ஒரே வயது, ஒரே தண்ணி குடித்தவை. ஒன்று போய்விட்டால் மற்றதும் வழியில்தான் இருக்கிறது. தண்ணியை எப்படியும் இறக்கத்தான் போகிறீர்கள், கூலி இரண்டு தடவை கொடுக்கத் தேவையில்லை. ஹீட்டர் ஹோஸ்களை விரல் சொல்வதைப் பொறுத்து மாற்றலாம். பொதுவாக நான்கு வருடம்தான் நம்பலாம், அதற்குமேல் ஓடுவது அதிர்ஷ்டம். கிலோமீற்றர் குறைவு என்ற கணக்கு இறப்பருக்குப் பொருந்தாது. 2022இல் எரிபொருள் இல்லாமல் மாதக்கணக்கில் நின்ற வாகனங்களின் ஹோஸும் வயதாகிக்கொண்டுதான் இருந்தது. 2020இல் வாகன இறக்குமதி நின்று 2025 வரை புது வாகனம் பெரிதாக வரவில்லை, அதனால் எங்கள் வீதிகளில் ஓடுவதில் பெரும்பங்கு வயதான வாகனங்கள். நன்றாகத்தானே ஓடுகிறது என்று சொல்லும் வான்களில் பத்து வருடத்து ஹோஸைக் கழற்றியிருக்கிறேன்.

புது ஹோஸ் வாங்கும்போது பழையதைக் கையில் கொண்டு போங்கள். விட்டம், நீளம், வளைவு மூன்றும் பக்கத்துப் பக்கம் வைத்துப் பார்க்க வேண்டும். நேரான ஹோஸை வளைத்துப் போட்டால் வளைவில் மடிந்து தண்ணியை அடைக்கும். பழையதைக் கழற்றும்போது ஸ்குரூட்ரைவரை உள்ளே விட்டு நெம்ப வேண்டாம். ரேடியேற்றர் தொட்டி பிளாஸ்டிக் என்றால் கழுத்து உடைந்துவிடும், பிறகு ரேடியேற்றரே புதிது வேண்டும். ஹோஸை முறுக்கிப் பாருங்கள், வராவிட்டால் நீளவாக்கில் வெட்டி உரித்து எடுங்கள். எப்படியும் எறியப் போகிறதுதானே. தேர்மோஸ்டாட் மூடியின் கழுத்தில் வெள்ளைப் பொடியும் குழியும் இருக்கும், எமரித் தாளால் மினுக்கித் துடைத்துவிட்டு மாட்டுங்கள். வழுக்குவதற்குக் கிரீஸ், ஒயில் எதுவும் பூச வேண்டாம். ரேடியேற்றருக்கு ஊற்றுகிற கூலண்டோ சவர்க்காரத் தண்ணியோ கொஞ்சம் தடவினால் காணும்.

கழுத்தின் நுனியில் வயல் வரம்பு மாதிரி ஒரு சின்ன மேடு சுற்றிவர இருக்கும். ஹோஸ் அந்த வரம்பைத் தாண்டி உள்ளே போக வேண்டும், கிளிப்பும் வரம்புக்கு அப்பால் உட்கார வேண்டும். கிளிப் வரம்பின் மேலே இருந்தால் இன்றைக்குப் பிடிக்கும், ஏற்றத்தில் கழன்றுவிடும். ஸ்குரூ கிளிப்பை ஆளின் பலத்துக்கு இறுக்கினால் அது இறப்பரை வெட்டும். இறப்பர் கிளிப்பின் இடுக்குகளால் பிதுங்கி வந்தால் அளவு மிஞ்சிவிட்டது. வாகனத்தோடு வந்த ஸ்பிரிங் கிளிப் பலமாக இருந்தால் அதையே திரும்பப் போடுங்கள் என்பேன். இறப்பர் நாளடைவில் அமிழும்போது அதுவும் கூடவே இறுகும். ஸ்குரூ கிளிப் என்றால், ஒருநாள் ஓடிக் குளிர்ந்த பிறகு இன்னொருக்கா கால் சுற்று பார்க்க வேண்டும்.

தண்ணி நிரப்பியதும் காற்றை எடுக்காமல் விடுவது பெரிய பிழை. மூடியைத் திறந்து வைத்து, ஹீட்டர் திருப்பியை முழுச் சூட்டுப் பக்கம் வைத்து, இயந்திரத்தை மெதுவாக ஓட விட்டு, மேல் ஹோஸை இடைக்கிடை அமத்தி விடுங்கள். குமிழி குமிழியாக வரும், தண்ணி இறங்கும், திரும்ப ஊற்ற வேண்டும். தேர்மோஸ்டாட் 82 பாகையோ 88 பாகையோ வந்து திறக்கும்போது மேல் ஹோஸ் திடீரென்று சுடும், தண்ணி ஒருமுறை நன்றாக இறங்கும். அப்போது ஊற்றி நிரப்பிய பிறகுதான் மூடலாம். காற்றுப் போக்கும் ஆணி இருந்தால் அதைத் திறந்து தண்ணி வரும்வரை விடுங்கள்.

வழியில் வெடித்தால் என்ன செய்வது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் குடும்பத்தோடு போகிறவர், சொல்ல வேண்டும். நிறுத்தி, மூடியில் கை வைக்காமல் குறைந்தது முக்கால் மணித்தியாலம் காத்திருங்கள். சூட்டில் மூடியைத் திறந்து முகம் வெந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். கொதித்த இயந்திரத்தில் பச்சைத் தண்ணி ஊற்றினால் ஹெட் வெடிக்கும். குளிர்ந்த பிறகு, முனையில் வெடித்திருந்தால் அந்தத் துண்டை வெட்டிவிட்டு, நீளம் எட்டினால் திரும்ப மாட்டலாம். நடுவில் என்றால் துடைத்துக் காயவைத்து, சைக்கிள் டியூப்பைப் பட்டியாக வெட்டி இழுத்து இழுத்துச் சுற்றி, இரண்டு பக்கமும் கட்டுங்கள். தண்ணி நிரப்பி, மூடியை முதல் படிவரை மட்டும் திருப்பி விட்டால் அழுத்தம் ஏறாது. அழுத்தம் இல்லாத தண்ணி 100 பாகையிலேயே கொதிக்கும் என்பதால், ஏசியை நிறுத்தி, மெதுவாக, பக்கத்து ஊர்வரை மட்டும். ஒரு பழைய டியூப், இரண்டு கிளிப், பத்து லீற்றர் தண்ணி இவை எப்போதும் வானில் இருக்கட்டும்.

கடைசியாகத் தண்ணி. இது இல்லாமல் மேலே சொன்ன எதுவும் நிலைக்காது. எழுவான்கரையில் வாவிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிறோம், வரட்சிக் காலத்தில் பல கிணறுகள் உவர்த்துவிடும். குடித்தால் உவர்ப்பது தெரியாத கிணற்றிலும் உப்பு இருக்கும். அந்த உப்புத்தான் அலுமினியத்தை அரிக்கிறது, ஹோஸுக்குள் மின்னோட்டத்தையும் கூட்டுகிறது. அம்பாறைப் பக்கத்தில் கிணற்றுத் தண்ணி கடினம் என்றால், கேத்தலுக்குள் படிவது போலச் சுண்ணாம்பு ரேடியேற்றர் குழாய்களுக்குள் படியும். ஆகவே கிணற்றுத் தண்ணி அவசரத்துக்கு மட்டும். வீடு வந்ததும் இறக்கிவிட்டு, கூலண்டையும் பற்றரிக்கு ஊற்றுகிற வடித்த தண்ணியையும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுங்கள். எங்கள் ஊரில் தண்ணி உறையவா போகிறது என்று கேட்பார்கள். கூலண்டில் எங்களுக்கு வேண்டியது அரிப்பைத் தடுக்கும் மருந்து. அந்த மருந்து நாளடைவில் தீர்ந்துவிடும், போத்தலில் எழுதியிருக்கும் காலத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். வெவ்வேறு வகையைக் கலக்க வேண்டாம், நிறத்தைப் பார்த்து ஒன்றுதான் என்று முடிவு கட்டவும் வேண்டாம்.

இறக்கிய பழைய கூலண்டை முற்றத்து மணலில் ஊற்றாதீர்கள் தம்பி. எங்கள் மணல் நிலத்தில் கிணறு ஆழம் இல்லை, ஊற்றியது நேரே அங்கேதான் போகும். அது இனிப்பாக இருப்பதால் நாயும் ஆடும் நக்கும், குழந்தையும் விரலை வைக்கும். அது நஞ்சு, சிறுநீரகத்தை அழிக்கும். பேசினில் பிடித்து, மூடியுள்ள கானில் ஊற்றி, மேலே பெரிதாக நஞ்சு என்று எழுதி, அடுத்த தடவை வரும்போது கொண்டு வாருங்கள். பழைய ஒயில் எடுப்பவர்களிடம் அதை எடுப்பார்களா என்று கேட்டுக் கொடுத்துவிடலாம், ஒயிலோடு மட்டும் கலந்துவிட வேண்டாம்.